டிப்ஸுக்கு எக்ஸ்பைரி தேதி உண்டா?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் வேலையாக ரைட் க்ளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுக்கிற ஆசாமிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை கொடுத்தால் திருப்தி வராது. நாலு, அஞ்சு, ஆறு என்று பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே இருப்பார்கள். எதுக்கு சார் என்று கேட்டால், 'சிஸ்டம் ஃப்ரீ ஆகும்' என்று பதில் வரும்.

ஆகாது. விண்டோஸில் அந்த ரெஃப்ரெஷ் செய்வதெல்லாம் திரையில் இருக்கும் ஐகான்களை இன்னொரு முறை வரைந்து காட்டுவதுதான். இப்போதுதான் சேமித்த ஃபைல் கண்ணில் படவில்லை என்றால் உதவும். மெமரி காலியாகாது, வேகமும் கூடாது.

இதை யார் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரோ. அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ. ஏன் என்று நடுவில் ஒருத்தரும் கேட்கவில்லை.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். முட்டுச்சந்தில் இருக்கிற பரோட்டாக் கடைக்குக்கூட ஸ்டார் போடுகிறோம். தினமும் கோடிக்கணக்கான பேர் படித்து, நம்பி, ஃபார்வர்டு செய்கிற ஓர் எழுத்து வகைக்கு மட்டும் விமர்சகரே கிடையாது. கம்ப்யூட்டர் டிப்ஸ், செல்போன் டிப்ஸ்தான் அந்த வகை. இந்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் மரியாதை. தொண்ணூறுகளின் இறுதியிலும் 2000களிலும் தமிழ்ப் பத்திரிகைகளின் கம்ப்யூட்டர் பக்கங்கள் பெரிய காரியம் செய்திருக்கின்றன. மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று பயந்த தலைமுறைக்கு, 'இதை அழுத்து, அது வரும்' என்று தமிழில் தைரியம் கொடுத்தவை அவைதான். அவற்றை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கோச்சிங் சென்டருக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு அந்த நோட்டுதான் வாத்தியார்.

அந்தப் பக்கங்களில் வந்த சில டிப்ஸ் இன்றும் கல்லு மாதிரி நிற்கின்றன. கன்ட்ரோல் இசட் அடித்தால் கடைசியாகச் செய்தது ரத்தாகும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி சொல்லவே வேண்டாம். இந்த கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் உருவாக்கியவை. டெஸ்லர் 2020-இல் காலமானார். அவர் கொடுத்த வழிமுறை ஐம்பது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லா டிப்ஸுக்கும் அந்த ஆயுசு கிடையாது. பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வாங்கிப் போட்ட மெஷினுக்கு வருடா வருடம் தேய்மானம் கழிக்க வேண்டும் என்று. மெஷினுக்குக் கழிக்கிறோம். அதைப் பற்றிய அறிவுரைக்குக் கழிப்பதில்லை.

பேட்டரியைப் பாருங்கள். 'புது போன் வாங்கினால் முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடு', 'முழுசா இறங்கின பிறகுதான் மறுபடி போடணும்.' கடைக்காரர் சொல்வார், மாமா சொல்வார், பக்கத்து சீட்காரர் சொல்வார். இது பொய்யான டிப்ஸ் கிடையாது. ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு நியாயம். நிக்கல் காட்மியம் பேட்டரிகளைப் பாதியிலேயே மறுபடி மறுபடி சார்ஜ் செய்தால், அந்தப் பாதியே தன் முழு அளவு என்கிற மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் முழுசாக இறக்கச் சொன்னார்கள்.

லித்தியம் அயான் பேட்டரியை சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் பாக்கெட்டில் இருக்கும் போன்களில் உள்ளது அந்த வகைதான். அதற்குப் பழைய வைத்தியம் நேர் விரோதம். அடிக்கடி பூஜ்யம் வரை இறக்கினால் சீக்கிரம் தேயும். நூறு சதவிகிதத்திலேயே சூடாக வைத்திருந்தாலும் தேயும். ஐபோனில் 2023 மாடலிலிருந்து 80 சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி வந்திருப்பதும், பல லேப்டாப்களில் அதே வசதி இருப்பதும் இதனால்தான். பேட்டரி மாறிவிட்டது, டிப்ஸ் மட்டும் அப்பா வீட்டு கடிகாரம் மாதிரி பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. 'பேட்டரி இறங்கட்டும்' என்று சொன்னவர் 'ஏனென்றால் இது நிக்கல்' என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். நிக்கல் போனதும் டிப்ஸும் தானாக ரிட்டயர் ஆகியிருக்கும்.

'இதெல்லாம் நம்ம ஊர் ஆளுங்க பண்றது சார், வெள்ளைக்காரன் ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லுவான்' என்பீர்களானால், பாஸ்வேர்டு கதையைக் கேளுங்கள்.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி மாதிரி ஒன்று, மூணு மாசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமா? இந்த விதிகள் உலகம் முழுக்கப் பரவக் காரணமான கையேட்டை 2003-இல் எழுதியவர் பில் பர். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டில் வேலை பார்த்தவர். உண்மையான பாஸ்வேர்டுகள் பற்றிய தகவல் அப்போது அவருக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. 1980களின் நடுவில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நம்பி எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு, 2017-இல், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையிடம் தான் செய்ததில் பெரும்பகுதிக்கு வருத்தப்படுவதாகச் சொன்னார். அதே வருடம் நிஸ்ட் தன் விதிகளை மாற்றியது. பாஸ்வேர்டு வெளியே கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், சும்மா தேதி பார்த்து மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள் என்றது.

ஏன்? மூணு மாசத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? 'முருகன்1' என்று இருந்ததை 'முருகன்2' என்பான். அடுத்தது என்னவாக இருக்கும் என்று கண்டுபிடிக்கத் திருடன் ஐ.ஐ.டி.யில் படித்திருக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவற்றில் பேட்டரி கொஞ்சம் தேயும், எரிச்சல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆளையே கவிழ்க்கிற பழைய டிப்ஸும் உண்டு. 'பிரவுசரில் பூட்டுப் படம் இருக்கிறதா பார், இருந்தால் நம்பி கார்டு நம்பர் கொடு.' இதை வங்கிகள் சொல்லின, பத்திரிகைகள் சொல்லின. அந்தப் பூட்டு சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: உங்களுக்கும் அந்த இணையதளத்துக்கும் நடுவே போகிற தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது. தளத்தை நடத்துகிறவன் யோக்கியனா என்று அது சொல்லாது. திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டுத் தொங்கும்.

முன்பு அந்தப் பூட்டுக்கான சான்றிதழைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2015-இல் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். நல்லவர்களுக்குக் கிடைத்தது, போலி பேங்க் சைட் நடத்துகிறவனுக்கும் கிடைத்தது. கடைசியில் கூகுளே, பூட்டைப் பார்த்து மக்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்று சொல்லி, 2023-இல் கம்ப்யூட்டர் குரோமிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது. ஆனால் பூட்டு டிப்ஸைப் படித்துவைத்தவர்களின் மனதிலிருந்து அதை யார் எடுப்பது?

இந்த எழுத்து வகையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. 'என்ன செய்' என்று மட்டும் சொல்லும். 'ஏன்' என்பதை இடமில்லை என்று வெட்டிவிடும். காரணம் இல்லாத டிப்ஸ், பூனை குறுக்கே போகிற சமாச்சாரம் மாதிரிதான். தப்பாகும்போது தப்பு என்று கண்டுபிடிக்கவே வழியில்லை.

இன்னொரு குறை, 'அசத்தலான பத்து டிப்ஸ்' என்று தலைப்பை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் டிப்ஸ் தேடுவது. ஆறு உருப்படி கிடைக்கும். மீதி நாலுக்கு, தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் போடு என்று நிரப்புவார்கள். (போடாதீர்கள் என்று ஆப்பிள் 2024-இல் தன் உதவிக் குறிப்பிலேயே எழுதியது. அரிசித் துகள் உள்ளே போய் போனைக் கெடுக்கலாமாம். அரிசி சோற்றுக்கு.) அல்லது, பின்னால் ஓடுகிற ஆப்களை எல்லாம் தள்ளி மூடு, பேட்டரி மிச்சமாகும் என்பார்கள். ஆகாது என்று ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டு தரப்பின் தலைவர்களும் 2016-லேயே சொல்லியாகிவிட்டது. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் வேலை.

இப்படி அரிசிக்கு இடம் கொடுத்துவிட்டு எதை விட்டுவிடுகிறார்கள் தெரியுமா? நம் காசையும் நம் போட்டோக்களையும்.

போட்டோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 'எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கு, கவலையில்லை' என்று போனில் இடம் காலி செய்வதற்காக அந்த ஆப்பிலேயே படங்களை அழிக்கிறவர்கள் பல பேர். அங்கே அழித்தால் இரண்டு இடத்திலும் சேர்ந்தே போகும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். அப்புறம் கோவிந்தா. போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அதே ஆப்பில் தனி மெனு இருக்கிறது. இது ஏன் முதல் டிப்ஸாக வரவில்லை? போன் போனால் இன்ஸ்டால்மென்ட்டில் இன்னொன்று வாங்கலாம். பாட்டியின் கடைசி போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

அடுத்தது காசு. 'பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையில்லை.' யு.பி.ஐ. பற்றிச் சொல்லத்தக்க ஆக உருப்படியான டிப்ஸ் இந்த ஒரு வரி. காரணத்தோடு சொன்னால் இன்னும் பலம்: பின் நம்பர் என்பது செக்கில் போடுகிற கையெழுத்து. அவர் உங்களுக்குப் பணம் தரணும்னா, நீங்க ஏன் கையெழுத்துப் போடணும்? (வங்கிக்காரர்கள் செக்கின் பின்பக்கக் கையெழுத்தைக் கிளப்ப வேண்டாம்.) பாலன்ஸ் பார்க்கவும் பின் கேட்கும், ஆனால் அது நாமாகப் போய்ப் பார்ப்பது. இந்தக் காரணம் மனதில் பதிந்த ஒருவரிடம் ரீஃபண்ட் என்று வந்தாலும், பரிசு என்று வந்தாலும், பழைய சோபாவை வாங்குகிறேன் என்று வந்தாலும் அவர் கை தயங்கும். மோசடிக்காரன் மாதம் ஒரு கதை மாற்றுவான். கதைக்கு ஒரு டிப்ஸ் என்று மனப்பாடம் செய்தால் கட்டுப்படியாகாது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற புரட்டும் அப்படித்தான். வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்டு ஒருத்தன் மிரட்டுவான். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில், சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று சொல்ல வேண்டி வந்தது. ஏமாந்தவர்களில் நன்றாகப் படித்தவர்கள் நிறைய. அவர்களுக்கு ஷார்ட்கட் கீ எல்லாம் அத்துப்படியாக இருந்திருக்கும்.

அப்படியும் பணம் போய்விட்டால், 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். நாளைக் காலை பார்த்துக்கலாம் என்று இருக்கக் கூடாது. காரணம், திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே இனி யாராவது டிப்ஸ் கொடுத்தால் மூணு கேள்வி கேளுங்கள். ஏன்? எப்போதிலிருந்து? செய்யாவிட்டால் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு 'எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: பத்து டிப்ஸ் வேண்டாம், மூணு போதும். மிச்சமாகிற இடத்தில் காரணத்தை எழுதுங்கள்.

மேலே நான் சொன்னவற்றுக்கும் இதே சட்டம்தான். சில வருடம் கழித்து ஏதாவது டீக்கடையில் வடை சுற்றிய காகிதமாக இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்தால், எண்ணெயைத் துடைத்துவிட்டு முதலில் மேலே தேதியைப் பாருங்கள்.