தூண்டிலில் ஒரு செம்பனைப் பழம்

கெலா மீனுக்குப் புழுவைவிடப் பழம்தான் இழுக்கும் என்பார்கள் தூண்டில்காரர்கள். அதுவும் செம்பனைப் பழம். 1917இல் கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவில் முதன்முதலாகச் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். கரையோர மரங்களின் உதிர்ந்த பழங்களைத் தின்று பழகிய நம் ஆற்று மீனோ அதையும் ருசி கண்டுகொண்டது.

கோலா குபு பாரு பக்கம் தூண்டில் நண்பர்கள் கூடினால், பேச்சு பாதியும் இரையைப் பற்றியே போகும். நன்கு சிவந்து பழுத்த பழம் வேண்டும். நடுவிலுள்ள கொட்டை கல் மாதிரி. முள்ளை அதில் இடிக்காமல், பக்கத்து நார்ச்சதை வழியே செருகி நுனியை மட்டும் வெளியே விட வேண்டும். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டு ராடைப் பிடிப்பது நல்லது. கெலா கவ்வியதும் பாறை இடுக்கைப் பார்த்து ஓடும். சுருளை இறுக்கி வைத்தவர் கயிற்றை அறுத்துக்கொண்டு நிற்பார். கொஞ்சம் ஓடவிட்டு வாங்குகிறவரே என் கணக்கில் கெட்டிக்காரர்.

மீனை விடப்போகிறீர்களென்றால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். கோலா குபு பாரு பக்கத்துச் சிலிங் ஆற்றுக்கு மட்டும் தூண்டிலோடு போகாதீர்கள். அது மீன் காப்பகம். அங்கே கெலாவைப் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது.