கற்பிட்டிக் கோட்டையும் கைக்கு எட்டாத கண்டியும்

என் அக்கா மகனுக்கு ஸ்டார் வார்ஸ் என்றால் உயிர். 1983-இல் வந்த படத்தில் மட்டும் அவனுக்கு ஒரு தீராத கோபம். கிரகத்தையே பொடியாக்கும் ஆயுதம் வைத்திருக்கிற பேரரசு, காட்டுக்குள் கல்லையும் தடியையும் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குட்டை ஈவோக்குகளிடம் அடிவாங்குகிறதே! "நடக்கிற காரியமா மாமா இது?" என்று ஓயாமல் கேட்பான். வியட்நாமை மனதில் வைத்துத்தான் ஜோர்ஜ் லூகாஸ் அதை எழுதினார் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பேசாமல் புத்தளத்தில் பஸ் ஏற்றி, பாலாவிச் சந்தியால் திரும்பி, கற்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அந்தப் பாதை எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வெகுநேரம் கூடவே வரும். தலவில் அன்னம்மாள் கோயிலுக்குப் பிரியும் திருப்பம், தென்னந்தோப்புகள், எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் நடுரோட்டை விட்டு அசையாத எங்கள் கழுதைகள். கற்பிட்டிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டொல்பின் பார்க்க வருகிறார்கள், மீதிப்பேர் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறார்கள். பார்க்கட்டும், சறுக்கட்டும். நான் போவது கோட்டைக்கு.

என்ன கோட்டை ஐயா அது! 1667-இல் ஒல்லாந்தர் தொடங்கி 1676-இல் முடித்தது. நாலு மூலைக்கும் கொத்தளம், ஆள் உயரத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் மதில். வாசலை மட்டும் செங்கல்லால் கட்டிவிட்டு, மற்றதையெல்லாம் பவளக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் எழுப்பியிருக்கிறார்கள். மதிலோடு முகத்தை ஒட்டிவைத்துப் பாருங்கள்: பவளப்பூச்சிகளின் கண்ணறைகள் வரிவரியாகத் தெரியும், விரல் வைத்தால் சொரசொரவென்று தட்டும். கடலின் எலும்பை எடுத்துக் கடலையே காவல் காத்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்றால் களப்பு பளபளவென்று விரிந்து கிடக்கும். அந்தப் பக்கம் புத்தளம், இந்தப் பக்கம் களப்பின் வாய். ஒரு தோணி தப்பிப் போக முடியாது.

அதற்காகத்தானே கட்டினார்கள்! கண்டி இராச்சியத்தின் வாசல் புத்தளம். மலைநாட்டுப் பாக்கு தவளத்துப் பொதிமாடுகளில் இறங்கிவந்து இங்கேதான் தோணி ஏறும். அதே மாடுகளில் உப்பும் துணியும் மலைக்கு ஏறும். மலையில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தவன் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன். வந்தவர்கள் 1658-இல் போர்த்துக்கேயரை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தாங்களே குந்திக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அதோடு விடாமல், அந்த அரசனின் வாசலிலேயே இந்தப் பூட்டையும் போட்டார்கள். உலகத்தின் பெரிய வணிகக் கம்பனி, பீரங்கி, கப்பல், பணம். எதிரே கடற்கரை கூடச் சரியாக இல்லாத ஒரு மலை அரசு. எந்தக் கதாசிரியரிடம் கேட்டாலும் கண்டிக்குப் பத்து வருசம்தான் கொடுப்பார்.

கண்டி 1815 வரை நின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று வல்லரசுகளையும் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பி அனுப்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்!

எப்படி என்றுதான் மருமகனும் கேட்டான். கொத்தளத்தின் நிழலில் உட்கார்ந்து 1594-ஐச் சொன்னேன். எனக்குத் தெரிந்து எந்த மாயாஜாலக் கதையும் அந்த வருசத்துக்கு உறைபோடக் காணாது. போர்த்துக்கேயத் தளபதி பேத்ரோ லோபெஸ் டி சூசா பெரும்படையோடு மலையேறுகிறான். கையில் ஒரு சின்னப் பெண், கண்டி அரச வாரிசு குசுமாசனதேவி, ஞானஸ்நானம் பெற்று தோனா கத்தரினா. அவளை அரியணையில் வைத்துவிட்டால் நாடே தங்களுடையது என்று கணக்கு. எதிரே கொனப்பு பண்டார. போர்த்துக்கேயரிடமே வளர்ந்து அவர்களுடைய போர்முறையை அக்குவேறு ஆணிவேறாகப் படித்தவன். அவன் சண்டைக்கே வரவில்லை. நகரத்தைக் காலிசெய்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டான். போர்த்துக்கேயர் வெற்றி வெற்றி என்று உள்ளே நுழைந்தார்கள். சாப்பாடு இல்லை. ஊராரின் நெல்லையும் மாட்டையும் பிடுங்கினார்கள், ஊர் பகையானது. பிறகு வந்தது அந்தக் கடிதம். போர்த்துக்கேயப் படையில் பெரும்பகுதி லஸ்கரின்கள் என்ற உள்ளூர்ச் சிப்பாய்கள், அவர்களுக்குத் தலைவன் ஜயவீர பண்டார. அவன் இரகசியமாகக் கண்டிக்குத்தான் வேலை பார்க்கிறான் என்பதுபோல ஒரு பொய்க் கடிதம் எழுதி, அதைப் போர்த்துக்கேயர் கையில் சிக்கவைத்தான் கொனப்பு பண்டார. அவர்கள் நம்பி, தங்கள் தளபதியைத் தாங்களே கொன்றார்கள். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாகக் கலைந்து போனார்கள். மிஞ்சியவர்கள் இறங்கி ஓடப் பார்த்தபோது தந்துரையில் கதை முடிந்தது. கத்தரினாவை மணந்து விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரசனாக இருந்தான் கொனப்பு பண்டார.

ஒரே ஒரு கடிதம்! டிராகன் எதற்கு?

மற்றதெல்லாம் இதே நாடகம்தான், வேஷம் மட்டும் மாறும். 1630-இல் ரந்தெனிவெலையில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா: சண்டைக்கு நடுவிலேயே உள்ளூர் முதலிமார் அணி மாறினார்கள், மழையில் வெடிமருந்து நனைந்தது, ஆளும் போனான். 1638-இல் கன்னொறுவை: காலியான கண்டியைக் கொளுத்திவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படை, வழியில் தண்ணீரும் இல்லாமல் அகப்பட்டு அழிந்தது. 1765-இல் ஒல்லாந்துத் தேசாதிபதி வான் எக் கண்டி நகரைப் பிடித்தே விட்டார், ஆனால் ஒல்லாந்தரால் அதை நெடுநாள் வைத்திருக்க முடியவில்லை. காய்ச்சல் தின்றது போக மிச்சம் இறங்கிவந்தது. 1766 ஒப்பந்தத்தில் தீவின் கரை முழுவதையும் கண்டியிடமிருந்து எழுதி வாங்கினார்கள். ஆனாலும் புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பு அள்ளும் உரிமையை அதே ஒப்பந்தத்தில் மலைநாட்டாருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. பூட்டுப் போட்டவன் கையாலேயே திறந்துவிட்டான் பாருங்கள்! 1803-இல் ஆங்கிலேயர்: மறுபடி வெறும் நகரம், மறுபடி முத்துசாமி என்று ஒரு பொம்மை அரசன், மறுபடி காய்ச்சல். மேஜர் டேவி சரணடைந்து இறங்கும்போது மகாவலி பெருகி ஓடுகிறது, கடக்கத் தோணி இல்லை. அவருடைய படை அந்தக் கரையிலேயே அழிந்தது.

மருமகன் விடவில்லை. "பெரிய ரோட்டுப் போட்டிருந்தால் வென்றிருப்பார்கள்தானே மாமா?" கெட்டிக்காரன்! அங்கேதான் றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் வருகிறார். 1660-இல் பிடிபட்டுப் பத்தொன்பது வருசம் கண்டியில் சிறையிருந்தவர். தப்பி வெளியே வந்தது நம் கரைக்கு வடக்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு. அவர் எழுதிவைத்திருக்கிறார்: மலைக்குப் போகும் வழிகள் ஒற்றையடிப் பாதைகள், அவற்றை அகலமாக்க அரசன் விடமாட்டான், கணவாய்தோறும் முள்ளால் கட்டிய கதவும் காவலும். ஒருவர் பின் ஒருவராகத்தான் படை ஏற முடியும். அப்போது ஆயிரம் பேரும் ஒன்றுதான், பத்துப் பேரும் ஒன்றுதான்.

என் தீர்ப்பு இது: பேரரசின் பலத்தில் பெரும்பங்கு இரவல். இரவல் சிப்பாய், இரவல் சுமைதூக்கி, இரவல் அரிசி, இரவல் வழிகாட்டி. கொடுத்தவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட நிமிடம் மிஞ்சுவது கொஞ்சம் வெள்ளைக்காரரும் நனைந்த வெடிமருந்தும்தான். மாயாஜாலக் கதை எழுதுகிற தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். எளியவன் கையில் மந்திரவாளைக் கொடுத்துவிட்டால் எனக்குப் பக்கத்தைப் புரட்டவே மனம் வராது. பேரரசின் சோற்றுப் பானை எங்கே இருக்கிறது, அதை யார் சுமக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள், விடியவிடிய வாசிப்பேன்.

கண்டி விழுந்த விதமும் இதே கணக்குத்தான். 1815-இல் ஆங்கிலேயர் பெரிய சண்டை பிடிக்கவில்லை. எஹெலபொலையும் மற்றப் பிரதானிகளும் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைக் கைவிட்டார்கள், வழியும் திறந்தது. மார்ச் 2-இல் ஒப்பந்தம். அரசனை வேலூருக்கு அனுப்பினார்கள், 1832-இல் அங்கேயே இறந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அவனோ, "அப்ப ஈவோக்குகளும் பிறகு ஒருநாள் தோற்றிருக்கும்" என்று முடித்துவிட்டு, கீழே இறால் பொரியல் விற்கிற கடையை விசாரிக்கத் தொடங்கினான்.

கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே கடற்படைத் தம்பி ஒருவர் கூடவே வருவார், அவர் எடுக்க வேண்டாம் என்ற இடத்தில் படம் எடுக்காதீர்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் அந்த மதிலில் கை வைக்க முடியாது.