புது ரவுட்டர் வாங்கும் முன் ‘வைஃபை அனலைசர்’

திருநெல்வேலியில் கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, டவுன் ரதவீதிகள் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம், பத்திர எழுத்தர் அறை என்று சின்னச் சின்ன அலுவலகங்கள் உண்டு. நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இன்டர்நெட் கம்பெனி மாட்டிவிட்டுப் போன ஒரு பெட்டி. நெட்வொர்க் என்பது அவ்வளவுதான். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நேரத்தில் வைஃபை விட்டு விட்டு வந்தால் முதல் பழி இன்டர்நெட் கம்பெனி மேல் விழும். அடுத்து, ‘பவர் கூடின’ ரவுட்டருக்குச் சில ஆயிரம் ரூபாய் போகும். கோளாறு எங்கே என்று அளந்து பார்க்காமல் செய்யும் இந்தச் செலவு பெரும்பாலும் வீண். அளப்பதற்கு ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் ‘வைஃபை அனலைசர்’ ஆப் போதும். அந்தப் பெயரில் பல ஆப்கள் உள்ளன; இங்கே சொல்வது விஆர்இஎம் வெளியிட்டதை.

ஆப்பைத் திறக்கும் முன்பே ஒரு சோதனை இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றதில் வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் ஓடவிட வேண்டும். ரவுட்டரிடமிருந்து சில மில்லிசெகண்டில் பதில் வந்துகொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனில்; கம்பெனியைக் கேட்பது நியாயம். ரவுட்டருக்கே ‘ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால் கோளாறு நம் சுவர்களுக்குள். பிளானை 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் தீராது. ஆப்புக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஆப்பின் சேனல் வரைபடத்தில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் குன்று குன்றாக எழுந்து நிற்கும். கடைகள் நெருங்கிக் கிடக்கும் தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சேனல்களாகப் பொதுவாக எடுத்துக்கொள்வது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்கள் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல் ஒன்றுக்கொன்று வழிவிடும். 3, 4, 8 என்று இடையில் புகுந்தது இருபுறமும் இரைச்சலாகிவிடும். சிக்னல் அளவையும் மேஜைக்கு மேஜை பார்க்கலாம்: மைனஸ் 50 டிபிஎம் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும், மைனஸ் 80-ஐ நெருங்கினால் அறுந்துபோகும். 10 டெசிபல் குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர் ஏன் இருக்கக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. நேர வரைபடம் இன்னும் பயனுள்ளது. பக்கத்துக் கடைக் கோடுகள் நீண்டுகொண்டிருக்க நம் கோடு மட்டும் முழுசாக மறைந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பினால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சந்தேகிக்கலாம். இன்வெர்ட்டர் மாறும் நொடியில் மின்சாரம் விட்டிருக்கலாம், அடாப்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது சூடு. வீட்டு ரவுட்டர்கள் பலவும் 40 டிகிரி வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை; நெல்லையின் கத்திரி வெயிலில் மூடிய மரப்பெட்டிக்குள் அது எளிதில் தாண்டிவிடும்.

குறைகளும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் போன்றவற்றின் இரைச்சல் இந்த ஆப்புக்குத் தெரியாது. ஒரு சேனலில் எத்தனை ரவுட்டர் என்று காட்டுமே தவிர, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டாது. அதனால் அதன் நட்சத்திர மதிப்பீட்டை அப்படியே நம்பக் கூடாது. ஆண்ட்ராய்டு 9 முதல் இரண்டு நிமிடத்துக்கு நான்கு ஸ்கேன்தான் அனுமதி என்பதால் எண்கள் தாமதமாக மாறும். ஒவ்வோர் இடத்திலும் சற்று நின்று பார்க்க வேண்டும். லொகேஷன் அனுமதி கேட்கிறதே என்று தயங்குவோர் உண்டு. அது ஆண்ட்ராய்டின் விதி. இந்த ஆப்பின் நிரல் வெளிப்படையானது, விளம்பரம் இல்லை, இயங்க இன்டர்நெட்டும் தேவையில்லை.

‘5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் போதாதா?’ என்று கேட்கலாம். ரவுட்டர் இருக்கும் அறைக்குள் அது நல்ல வழி. ஆனால் டவுனின் பழைய கட்டடங்களில் தடித்த சுவரைத் தாண்டும்போது அது 2.4-ஐவிட வேகமாகத் தளரும்; விலை குறைந்த பிரிண்டர்கள் பல அதில் சேரவே சேராது. எக்ஸ்டெண்டர் வாங்கினால்? ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும். டேலி டேட்டா இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர் போன்ற நகராத பொருள்களுக்கு லேன் கேபிள்தான் சரி. வாடகைக் கட்டடம், சுவரைத் துளைக்க முடியாது என்றால் கேசிங் கேப்பிங்கில் கேட்-6 கேபிளை ஓரமாக ஓட்டலாம். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். இவற்றையெல்லாம் செய்த பிறகும் மைனஸ் 75-க்குக் கீழே நிற்கும் மேஜை இருந்தால், கேபிளில் இணைத்த இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வாங்குங்கள். அந்தச் செலவுக்கு அப்போது கையில் காரணம் இருக்கும்.