அனுபவமும் அழுத்தமானியும்

சுட்ட தோட்டாக் கூட்டில் மீண்டும் மருந்திடுவோர், மருந்தின் அளவை எதை நம்பித் தேர்ந்தெடுப்பது? அமெரிக்க ரிவால்வர் வல்லுநர் எல்மர் கீத்தின் 'சிக்ஸ்கன்ஸ்' (1955) நூலுக்கு அனுபவமே ஆசான். மிகைமருந்தால் அவருடைய .45 கோல்ட் ரிவால்வரின் உருளை வெடித்தது, அவர்.44 ஸ்பெஷலுக்கு மாறினார். துளை சிறுத்தால் அதே உருளையில் சுவர் தடிக்கும், பௌதிகம் சரியே. ஆனால் சுவர் தாங்கும் எல்லையைக் கண் அளக்காது. .44 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு. கீத் விரும்பிய அளவுகள் அதைத் தாண்டியவை. அதே குண்டு விட்டமுள்ள .44 மேக்னத்துக்கோ 36,000 பவுண்டு! அதற்கென வலுவான ரிவால்வரே செய்தனர். ஆகவே வாசகரே, கீத்தை அனுபவத்துக்காகப் படியுங்கள். அளவுக்கு, அழுத்தமானியால் சோதித்த அட்டவணையையே நம்புங்கள்.