உம்மையும் தாம்பரத்து ஆங்கிலமும்: சொல்வகைப் பொருத்தம் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழி விளக்கும்போது, ஆங்கிலச் சொல்வகை ஒவ்வொன்றுக்கும் நிகராகத் தமிழ்ச் சொல்வகை ஒன்றை நிறுத்தும் முறை வழக்கில் உள்ளது. பெயர்ச்சொல்லுக்குப் பெரிதும் பொருந்தும் இம்முறை, வினையடைக்கும் இணைப்புச்சொல்லுக்கும் பொருந்துவதில்லை என்பதைத் தென்சென்னைப் புறநகரின் அன்றாடத் தொடர்களைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: உம்மை, இடைச்சொல், வினையடை, இணைப்புச்சொல், தாம்பரம்

முன்னுரை

1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின் தாம்பரம் சென்னை நகரோடு நெருங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம்பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தோன்றியது, 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. கல்வியும் வேலையும் ஆங்கிலத்தைக் கோரும் பகுதியாக இப்புறநகர் வளர்ந்தது. தமிழ்வழியில் பயின்று நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞரின் திறன், பல வேளைகளில் அவர் பேசும் ஆங்கிலத் தொடரைக் கொண்டே அளக்கப்படுகிறது. ஆதலின் அத்தொடரின் பிறழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது வெறும் இலக்கண வினா அன்று.

ஓர் உம்மையும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்

எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என உம்மைக்கு எட்டுப் பொருள்களைத் தொல்காப்பிய இடையியல் வகுக்கிறது. இவற்றுள் சில ஆங்கிலத்தில் வெவ்வேறு சொல்வகைகளாகப் பிரிகின்றன. 'அக்காவும் தம்பியும்' என்னும் எண்ணும்மை 'அண்ட்' என்ற இணைப்புச்சொல்லாகிறது. 'நானும் வந்தேன்' என்னும் எச்சவும்மை 'ஆல்ஸோ' என்ற வினையடையாகிறது. 'குழந்தைக்கும் தெரிந்த செய்தி' என்னும் இழிவுசிறப்பும்மை 'ஈவன்' ஆகிறது. 'பத்துப்பேரும் வந்தனர்' என்னும் முற்றும்மை பெயருக்கு முன் நிற்கும் 'ஆல்' ஆகிறது. 'மழை பெய்தாலும் வண்டி வந்தது' என்பதில் வரும் உம்மைக்கு 'தோ' என்ற இணைப்புச்சொல் வேண்டும். எனவே 'இணைப்புச்சொல் என்பது உம்' எனக் கற்ற மாணவர், ஐந்தில் ஒரு பயனை மட்டுமே பெறுகிறார்.

எதிர்த்திசையிலும் இப்பொருத்தம் தவறுகிறது. இணைப்புச்சொற்களைவிட வினையெச்சங்களையே திராவிட மொழிகள் நாடுவதை, 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் சுட்டினார். 'வந்து பார்த்துச் சென்றார்' என்ற தொடரில் இணைப்புச்சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் 'அண்ட்' இன்றி அத்தொடர் இயல்பாக அமைவதில்லை.

இடமும் பொருளும்

தமிழ் இடைச்சொல், தான் சிறப்பிக்கும் சொல்லின் பின் ஒட்டும். ஆங்கிலம் அப்பணியைச் சொல்லின் இடத்தாலும் குரல் அழுத்தத்தாலும் செய்கிறது. 'அவர் இங்கேதான் இருக்கிறார்' என எண்ணுபவர் 'ஹி இஸ் ஹியர் ஒன்லி' என்கிறார். 'தான்' நின்ற இடத்திலேயே 'ஒன்லி' நிற்கிறது. ஆயினும் இங்குத் 'தான்' தருவது தேற்றப்பொருள். 'ஒன்லி' தருவதோ 'மட்டும்' என்னும் பொருள். 'ஹி இஸ் ரைட் ஹியர்' என்பதே ஆங்கில மரபு. பேசியவரிடம் இலக்கணம் இல்லாமல் இல்லை. தமிழ் இலக்கணம் ஆங்கிலச் சொற்களில் ஒழுங்காகச் செயற்பட்டுள்ளது.

வினையடையிலும் இதுவே நிகழ்கிறது. 'வேகம்' என்ற பெயரோடு 'ஆக' சேர்ந்து 'வேகமாக' என வருவதுபோல், 'லி' சேர்த்தால் வினையடை கிடைக்கும் என மாணவர் கொள்கிறார். 'கடினமாக உழைப்பேன்' என்பதை 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி' என்கிறார். 'ஹார்ட்லி' என்பதற்கு 'அரிதாகவே' என்பது பொருள். தேர்வாளர் செவியில் கருத்து நேர்மாறாகிறது. வினையடைக்கு 'வினையுரிச்சொல்' எனப் பெயரிடுவதும் குழப்பத்தை மிகுவிக்கிறது. இசை, குறிப்பு, பண்பு பற்றி வரும் தொல்காப்பிய உரிச்சொல் வேறு.

கலப்புப் பேச்சு தரும் சான்று

'ட்ரெயின் ஸ்லோவா போகுது', 'பஸ்ஸும் ட்ரெயினும் லேட்டு' போன்ற புறநகர்ப் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் எளிதில் நுழைகின்றன. 'ஆ', 'உம்' ஆகிய தமிழ் ஒட்டுகளோ இடம்பெயர்வதில்லை. 'பட்', 'ஸோ' போன்றவை தொடரின் தலைப்பில் தனித்து நிற்பதால் ஏற்கப்படுகின்றன. இரு பெயர்களை இணைக்கும் இடத்தில் உம்மையே வலுவாக நிற்கிறது. கடன்பெறத்தக்கது சொல், தொடரைக் கட்டும் முறை அத்துணை எளிதில் மாறுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

வரம்பு

'ஒன்லி' இவ்வாறு வருவதற்குத் தமிழ் மட்டுமே காரணம் எனக் கொள்ளவியலாது. இந்தி பேசுவோரின் ஆங்கிலத்திலும் இவ்வழக்கு உண்டு. பொருத்த அட்டவணை முற்றும் பயனற்றதும் அன்று. தொடக்க நிலையில் பெயர்ச்சொல்லை அடையாளம் காண அது உதவும். அதனையே தொடரமைப்பின் விளக்கமாகக் கொள்வதே குறை.

முடிவுரை

சொல்வகைப் பெயரிலிருந்து தொடங்காமல் தமிழ்த் தொடரிலிருந்து தொடங்குவதே தக்க வழி. இங்கு உம்மை என்ன பொருள் தருகிறது, அப்பொருளுக்கு ஆங்கிலம் எச்சொல்லை எடுக்கிறது, அச்சொல் எங்கு நிற்கிறது என்னும் மூன்று வினாக்களை வகுப்பறை எழுப்ப வேண்டும். அவ்வாறாயின், இடையியல் தேர்வுக்கு மனனம் செய்யும் பகுதியாக நில்லாமல் ஆங்கிலம் கற்கும் கருவியாகும். மாணவரும் தம் பிழையை அறியாமையாகக் கருதி நாணாது, தாய்மொழியின் ஒழுங்காக அறிந்து திருத்திக்கொள்வர்.