ஔவையார் கண்ட கொல்துறையும் கோவைப் பணிமனைகளும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டு, வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் பயிலப்பெறுகின்றது. தொண்டைமான் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க பெருமனையில் உள்ளன. அதியமான் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன. இதனை அணிநயமென்று காட்டி அமைவர் பலர். அந்நயத்திற்கு அடிப்படையான போரியல் உண்மையை அவர் கருதிற்றிலர்.

வியன்நகருக்கு மறுதலையாகப் புலவர் நிறுத்துவது குற்றில்; அஃதாவது கொல்லனது சிறு கொட்டில். பொன்முடியார் பாட்டில் (புறம். 312) கொல்லன் கடன் வேல் வடித்துக் கொடுத்தலோடு அமைகின்றது. ஔவையாரோ சிதைந்ததைச் செப்பனிடும் இடத்தைக் காண்கின்றார். களத்தினின்று மீண்ட வேலை மறுபடியும் களத்திற்கு அனுப்ப வல்லவனே நெடும்போர் ஆற்ற வல்லன். ஆதலின், பட்டறையிற் கிடக்கும் வேல் அதியமானது வறுமையைக் காட்டுவதன்று. அவன் படையமைப்பின் வலிமையைக் காட்டுவதாம்.

புலவர் பிறர் இந்நோக்கினை எய்தினர் எனல் அரிது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழார் (பதிற். 74) கொடுமணத்து அருங்கலத்தைப் பாராட்டுகின்றார். நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் தொடங்கிய அகழாய்வோ, மணித்தொழிலோடு இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளையும் வெளிப்படுத்திற்று. அணிகலன் பாட்டில் ஏறியது, உலை ஏறவில்லை. கொடுமணத்து எஃகே அதியமான் வேலாயிற்று என்பது நம் கருத்தன்று.

அக்கொங்குநாட்டிலேயே ஔவையார் கூற்றிற்கு அண்மைக்காலச் சான்றும் உளது. 1942 ஏப்பிரலில் சப்பானியக் கடற்படை வானூர்திகள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. 'எர்மிசு' என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல் மட்டக்களப்பிற்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிரித்தானியக் கடற்படை தன் வானூர்திகளைச் செப்பனிடும் நிலையமொன்றைக் கடலில்லாக் கோவையில் நிறுவிக் 'கருடா' எனப் பெயரிட்டது. கரைநிலையங்கட்கும் கப்பல்போற் பெயரிடுதல் அக்கடற்படையின் மரபு. 1945இல் சூலூரில் அமைந்த நிலையம் 'வைரி'. தாம்பரத்தில் இருந்தது 'வல்லூறு'. இவை பறவைப் பெயர்கள். பின்னிரண்டும் தமிழ் வழக்கின. சொல்லாராய்ச்சியாளர் இவற்றை நோக்காது விட்டது வியப்பே. கோவை, சூலூர் நிலையங்கள் இரண்டும் 1946இல் மூடப்பெற்றன.

சூலூர் வானூர்திக் களம் மீண்டும் உயிர்பெற்றது. 1961இல் இந்தியக் கடற்படையின் 'ஹன்சா' நிலையம் அங்குத் தொடங்கப்பெற்று, 1964இல் கோவாவிற்கு மாறியது. 2020 மே 27இல் வான்படையின் 18ஆம் அணி தேசசு வானூர்திகளோடு அங்கே செயற்படத் தொடங்கிற்று. செய்தித்தாள்கள் விரிவாக எழுதியது அவ்விழாவினை. அதே சூலூரில் வான்படையின் 5ஆம் செப்பனிடு பணிமனை இருத்தலைச் சுட்டியோர் சிலரே.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை வானூர்திக்கு முன்னோடியெனக் காட்டி மகிழ்வார் உளர். மயிற்பொறி திருத்தக்கதேவரின் கற்பனைத் திறத்திற்குச் சான்று. தொழில்நுட்ப வரலாற்றிற்குச் சான்றாகாது. அவ்வரலாறு எழுதப் புகுவார்க்குப் புறம் 95இன் கொட்டிலே பயன்படும். பாடாண் திணையில் வாண்மங்கலத் துறையாக இப்பாட்டை வகுத்தமையும் ஈண்டு ஆராய்தற்குரியது. மாலை சூட்டும் மங்கலம் பெற்றவை தொண்டைமான் படைக்கலங்கள். பாடப்பெற்றதோ அதியமானின் சிதைந்த வேல்.