பாடல் நீங்கிய பின் எஞ்சும் பேச்சு: தமிழ் வானொலிகளின் வலையொலிச் சேவைகள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வானொலி நிலையங்கள் இன்று செயலி, இணைய நேரலை, வலையொலி ஆகியவற்றின் வழியாகவும் நேயரை அடைய முயல்கின்றன. இதனைத் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் காணும் போக்கு மிகுதி. திரைப்பாடலை எளிதில் உடன்கொண்டு செல்ல இயலாத சட்டநிலை, வானொலிப் பேச்சின் வடிவத்தை எவ்வாறு சோதனைக்கு உள்ளாக்குகிறது என்பதை இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்ச் சூழலில் வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வானொலி, வலையொலி, பண்பலை, நேயர், இன்று ஒரு தகவல், ஆவடி

கோபுரமும் செயலியும்

1938 ஜூன் 16 அன்று தொடங்கிய சென்னை வானொலியின் வரலாற்றில் ஆவடிக்குத் தனி இடம் உண்டு. அகில இந்திய வானொலியின் உயர்திறன் ஒலிபரப்பு நிலையம் அங்குதான் அமைந்துள்ளது. அக்கோபுரத்திற்குத் தன் ஒலியைக் கேட்பவர் யார், எத்தனை பேர் என்பது தெரியாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் இரவுப்பணித் தொழிலாளியும் கடலிலுள்ள மீனவரும் ஒரே நொடியில், கட்டணமின்றி, அடையாளமின்றி அதனைக் கேட்க முடிந்தது. செயலி இதற்கு நேர்மாறானது. ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்து, அவரவர் விரும்பிய நேரத்தில், அவரவர் தரவுச் செலவில் ஒலியைத் தருகிறது. வானொலியைக் கேட்பவரைத் தமிழ் ‘நேயர்’ என்று அழைத்தது; நேயம் உடையவர் என்பது அதன் பொருள். இணையத்தில் அவர் ‘சந்தாதாரர்’ ஆகிவிட்டார். இச்சொல் மாற்றம் தற்செயலானதாகத் தோன்றவில்லை.

அலைவரிசையிலும் தடைகள் இல்லாமல் இல்லை. திறன்பேசிகளில் பண்பலை வாங்கி முடக்கப்படாமலும் நீக்கப்படாமலும் இருப்பதை உறுதிசெய்யுமாறு நடுவணரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. அத்தகைய அறிவுறுத்தல் தேவைப்பட்டதே, வானொலி கையிலிருந்து நழுவும் வேகத்தைக் காட்டுகிறது. அரக்கோணம் தடத்தில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ தொடர்வண்டி ஏறும் பயணியின் காதில் செருகுகருவி இருக்கிறது. அதில் ஒலிப்பது வானொலியா, கோப்பா என்பதே இன்றைய வினா.

பாடலைத் தடுத்த சட்டம்

‘பாட்காஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் 2004-இல் தோன்றியது. தமிழில் ‘வலையொலி’ என்ற பெயர் வழக்கூன்றி வருகிறது. ஆனால் தமிழ்த் தனியார் பண்பலைகள் வலையொலிக்கு வந்தபோது, தம் முதன்மைச் சரக்கை வாசலிலேயே விட்டுவர நேர்ந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 31டி பிரிவு, ஒலிபரப்பு நிறுவனங்கள் உரிய கட்டணம் செலுத்திப் பாடல்களைப் பயன்படுத்தச் சட்டப்படியான உரிமம் வழங்குகிறது. இணையவழிப் பாடற்சேவைக்கு இப்பிரிவு பொருந்தாது என்று டிப்ஸ் – விங்க் வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. 2022-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதிசெய்தது. ஆகவே, வலையொலியில் பாடலைச் சேர்க்க விரும்பும் நிலையம் உரிமையாளரிடம் தனியே பேரம் பேச வேண்டும். எளிய வழி, பாடலை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் பதிவேற்றுவது.

வெட்டியபின் எஞ்சுவது எது? திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் இதுவே.

இணைப்புப் பேச்சின் இலக்கணம்

பண்பலைத் தொகுப்பாளரின் பேச்சு, இரு பாடல்களுக்கு இடையே அமையும் இணைப்புப் பேச்சு. முந்தைய பாடலின் எதிரொலி அடங்கும் முன் தொடங்கி, அடுத்த பாடலின் முன்னிசை முடிந்து பாடகர் குரலெடுக்கும் கணத்தில் அது நின்றுவிட வேண்டும். இக்கால ஒழுங்கு கடினமானது. தேர்ந்த தொகுப்பாளர்கள் இதில் காட்டும் திறன் குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. ஆனால் அப்பேச்சு முழுவதும் காலச்சுட்டுகளால் கட்டப்பட்டது. ‘இப்போது’, ‘இன்னும் சற்று நேரத்தில்’, ‘அடுத்து வருவது’ என்பன அதன் தூண்கள். பாடி மேம்பாலத்தில் நெரிசல் என்னும் அறிவிப்பு, அம்பத்தூரிலிருந்து அண்ணாநகருக்கு வண்டியோட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் காலைப்பொழுதில் பயன்மிக்கது. மறுநாள் கோப்பாகக் கேட்பவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இவ்வடிவத்திற்கு முதலும் முடிவும் இல்லை. அவற்றைப் பாடல்கள் வழங்கின. அப்பாடல்கள் நீங்கியதும் துண்டுகளே கிடைக்கின்றன. குறும்புத் தொலைபேசி அழைப்புகளும் திரைக்கலைஞர் நேர்காணல்களின் நறுக்குகளும் வலையொலி என்ற பெயரில் அடுக்கப்படுவதற்குத் தொகுப்பாளர்களின் திறமைக்குறைவு காரணமன்று. நிலையங்களிடம் தனித்து நிற்கும் பேச்சு வடிவம் இருப்பில் இல்லை என்பதே காரணம். திரைக்கலைஞர் நேர்காணல் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதுவும் படம் வெளியாகும் வாரம்வரைதான்.

முழுமை பெற்ற பேச்சு

பாடலைச் சாராத பேச்சு வடிவம் தமிழ் வானொலியில் இல்லாமற் போகவில்லை. சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் காலைதோறும் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ தக்க சான்று. சில நிமிடங்களே நீளும் அதில் ஒரு செய்தி, அதனை விளக்கும் கதை, இறுதியில் ஒரு நகைச்சுவை என முழுமை பெற்ற அமைப்பு உண்டு. சிரிக்க வைக்கும் இடத்தில் தாம் சிரிக்காமல் கடந்துசெல்லும் குரல்தான் அதன் முத்திரை. தலைப்பில் ‘இன்று’ என்னும் சுட்டு இருந்தும், உள்ளடக்கம் எந்த நாளையும் சார்ந்திருக்கவில்லை. நூல்களாகத் தொகுக்கப்பட்டபோதும் அது நின்றது. 2009-இல் அவர் மறைந்த பின்னரும் நேயர்கள் அவ்வுரைகளை இணையத்தில் பதிவேற்றிப் பகிர்ந்து வருகின்றனர். ஒலிபரப்பான நாள் பற்றிய குறிப்பு இல்லாமலே பல பதிவுகள் உலவுகின்றன. ஆய்வாளருக்கு இது இடர், கேட்பவருக்கு ஒரு குறையுமில்லை.

1941-இல் தொடங்கிய பிபிசி தமிழ்ச் சேவை 2017 ஏப்ரல் 30 அன்று தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தி இணையத்திற்கு முழுமையாக மாறியபோதும் இதே உண்மை தெளிந்தது. அது பேச்சாலான வானொலி. எனவே மாற்றத்தில் வடிவம் சிதையவில்லை. சிற்றலைப் பெட்டியை மட்டுமே நம்பியிருந்த நேயரை இழந்தது. அந்த இழப்பு சிறிதன்று.

பொது வானொலியின் நிலை விந்தையானது. பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலி அலைவரிசைகளை நேரலையாகத் தருகிறது. மாநிலச் செய்தியறிக்கைகளின் ஒலிக்கோப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே நாளில் பழையதாகும் செய்தியறிக்கை கைக்கெட்டுகிறது. பல பத்தாண்டுகளின் நாடகங்களும் உரைச்சித்திரங்களும் உழவர் நிகழ்ச்சிகளும் அவ்வாறு எட்டவில்லை. வலையொலிக்கு ஏற்ற சரக்கு மிகுந்த நிறுவனம் அதனைப் பெட்டகத்தில் வைத்துக் காப்பதோடு நின்றுவிடுகிறது.

செம்பரம்பாக்கம் எழுப்பும் வினா

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் முதல் நாள் இரவு நொடிக்கு 29,000 கனஅடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டது. அந்நாளின் தேவை எச்சரிக்கை. அது அலைவரிசைக்கு உரிய வேலை. மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மின்சாரத்தையும் கைப்பேசித் தொடர்பையும் துண்டித்தபோது, மின்கலத்தில் இயங்கும் பெட்டி ஒலித்திருக்கும், செயலி ஒலித்திருக்காது. ஆனால் நீர் ஏன் அவ்வாறு திறக்கப்பட்டது, 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறுவது என்ன என்பன நிதானமாகப் பேசப்பட வேண்டியவை. அதற்கு வலையொலியே ஏற்றது. அரைமணி நேரம் பேசலாம், திரும்பக் கேட்கலாம்.

தனியார் பண்பலைகள் இதனைச் செய்யாமைக்கு உரிமத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கைப்படி அவை அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு மட்டுமே செய்யலாம். வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம் போன்ற அறிவிப்புகளுக்கு இடமுண்டு. இக்கட்டுப்பாடு அலைவரிசைக்கு உரியது. வலையொலி 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருமேயன்றி, பண்பலை உரிமத்தின் கீழ் வருவதன்று. ஆகவே கதவு திறந்தே உள்ளது, நுழைவோர்தாம் அரியர். ஆவடியிலிருந்து பரவும் ஒலி ஆவடியைப் பற்றிப் பேசுவது அரிது. அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஏரி சுருங்கும் கதையைச் சொல்ல எந்த அலைவரிசையும் நேரம் ஒதுக்குவதாகத் தெரியவில்லை.

மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி வழங்கத் தனியார் பண்பலைகளை அனுமதிக்கலாம் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் பேச வேண்டியவர்கள், இருபது ஆண்டுகளாகப் பாடகர் குரலெடுக்கும் முன் பேச்சை முடித்துக்கொள்ளப் பழகியவர்கள்.